விம்பிள்டன் கண்ட லீலா ராவ் அம்மையார்

பெரியோர் சரித்திரம் எழுதப் புகுவோர் ஞானிகளையும் புலவர்களையும் நாட்டுத் தலைவர்களையுமே பெரும்பாலும் தேடிச் செல்வர். எமது ஆண்டு மலர்களைப் புரட்டிப் பார்ப்போர்க்கும் இது நன்கு விளங்கும். நாவலர் பெருமானோ விவேகானந்த அடிகளோ இடம்பெறாத மலர் அரிது. அது முறையே. ஆயினும் இம்முறை நாம் சற்று வேறான பாதையிலே சென்று, கையிலே டெனிஸ் மட்டை ஏந்திய ஒரு பெண்மணியின் வாழ்க்கையை வாசகர் முன் வைக்கத் துணிந்தோம். அவரே லீலா ராவ் அம்மையார். விம்பிள்டன் சுற்றுப்போட்டியில் ஆட்டமொன்றை வென்ற முதல் இந்தியப் பெண்மணி அவர்.

விளையாட்டுக்காரி ஒருத்தியின் கதைக்கு இந்து இளைஞர் மலரிலே என்ன அலுவல் என்று சிலர் கேட்கக்கூடும். அக்கேள்விக்கு விடை வேறெங்கும் இல்லை. எமது வன்னி மண்ணிலிருந்தே தொடங்குகின்றது.

1897ஆம் ஆண்டு தை மாதத்திலே விவேகானந்த அடிகள் மேல்நாட்டிலிருந்து திரும்பிக் கொழும்பில் வந்திறங்கினார். கண்டி, அநுராதபுரம் ஆகிய இடங்களைக் கண்டபின் வண்டியேறி வடக்கு நோக்கிப் புறப்பட்டார். வழியிலே வவுனியாவில் எமது முன்னோர் அவரை எதிர்கொண்டு வரவேற்று, உபசாரப் பத்திரம் வாசித்து அளித்தனர். அடிகள் சுருக்கமாக மறுமொழி கூறிவிட்டு, காட்டு வழியே சென்று, ஆனையிறவைக் கடந்து யாழ்ப்பாணம் சேர்ந்தார். வன்னியிலே இந்து இளைஞர் எவரும் பெருமையோடு நினைக்கும் நிகழ்ச்சி இது.

அதே அடிகள் அதற்கு ஐந்தாறு வருடங்களுக்கு முன்னர், பேர்புகழ் எதுவுமில்லாத இளந்துறவியாகப் பாரத தேசம் முழுவதும் அலைந்து திரிந்தார். அக்காலத்திலே குஜராத்தின் கடற்கரைப் பட்டினமாகிய போர்பந்தரில் ஓர் அறிஞரின் இல்லத்தில் சிலகாலம் தங்கியிருந்தார். அந்த அறிஞரின் பெயர் சங்கர் பாண்டுரங்க பண்டிட். போர்பந்தர் சமஸ்தானத்தின் நிருவாகத்தை அப்போது கவனித்து வந்தவர் அவர். உத்தியோகத்தால் அவர் அரசாங்க மனிதர். உள்ளத்தால் சமஸ்கிருத பண்டிதர். காளிதாசரின் நூல்களைச் சுத்தமாகப் பதிப்பித்தவர். அதர்வ வேதத்தைச் சாயணர் உரையோடு அச்சிற்குக் கொண்டுவர உழைத்தவர். அவரது வேதநூற் பணியிலே அடிகள் துணைபுரிந்தார் என்றும், பிரெஞ்சு பாஷையைக் கற்று மேல்நாட்டுக்குச் செல்லுமாறு அவர் அடிகளைத் தூண்டினார் என்றும் அடிகளின் சரித்திரம் கூறுகின்றது.

அந்தப் பண்டிதரின் மகள் வயிற்றுப் பேத்தியே நமது லீலா ராவ்.

அன்னை க்ஷமா

லீலாவைப் பற்றிக் கூறுமுன் அவரைப் பெற்றெடுத்த அன்னையைப் பற்றிக் கூறாதுவிடின் இச்சரித்திரம் வேரில்லா மரமாகும். க்ஷமா அம்மையார் 1890இல் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். தந்தை விட்டுச்சென்ற கல்விச் செல்வமோ அவரை விட்டு அகலவில்லை. வயது வந்தபின் அவர் பம்பாயிலே பெயர்பெற்ற வைத்தியராகிய ராகவேந்திர ராவ் என்பாரை மணந்துகொண்டார். இல்லறத்தின் நடுவிலே எழுத்துத் துறையிற் புகுந்து, ஆங்கிலத்திலும் மராத்தியிலும் எழுதிப் பழகி, ஈற்றிலே தந்தையார் போற்றிய சமஸ்கிருதத்தையே தமது பாஷையாகக் கொண்டார். பண்டிதை என்னும் பட்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

அவர் பாடியது பழங்கதைகளை மட்டுமன்று. காந்தியடிகளின் அறப்போர் நாட்டை உலுக்கிய வேளையிலே, அதனைப் பொருளாக வைத்துச் சத்தியாக்கிரக கீதை என்னும் காவியத்தைப் பாடினார். பகவத்கீதையைப் போலவே அதற்கும் பதினெட்டு அத்தியாயங்கள். ஆங்கில ஆட்சி நடந்த அக்காலத்தில், 1932இல், அந்நூல் பாரிஸ் நகரிலே வெளிவந்தது. பால்ய விதவைகள் முதலிய பெண்கள் படும் துன்பங்களையும் அவர் சமஸ்கிருதக் கதைகளாக எழுதினார். மீராபாய், துக்காராம், ஞானேஸ்வரர் முதலிய அடியார்களின் வரலாறுகளையும், தம் தந்தையாரின் வரலாற்றையும் செய்யுளாக இயற்றினார்.

இத்தகைய பண்டிதையைக் கற்பனை செய்யும்போது, ஏடும் எழுத்தாணியுமாக வீட்டின் மூலையிலே அமர்ந்திருக்கும் ஓர் உருவமே எமது மனக்கண்முன் தோன்றும். உண்மை அதுவன்று. க்ஷமா அம்மையார் டெனிஸ் ஆட்டத்திலும் கைதேர்ந்தவர்; போட்டிகளில் ஆடி வெற்றிகளும் பெற்றவர். காலையிலே சுலோகம் இயற்றிய கையினாலேயே மாலையிலே மட்டை பிடித்தால் சரஸ்வதி கோபித்துக்கொள்வாள் என்று அவர் நினைக்கவில்லை. அந்த வீட்டிலே 1911ஆம் ஆண்டு மார்கழி மாதம் 19ஆம் திகதி பிறந்த பெண்குழந்தை, சுலோகத்தையும் பந்தையும் ஒரே முற்றத்திற் கண்டு வளர்ந்தது.

ஆட்டமும் அதன் வாயிலும்

டெனிஸ் இன்று உலகெங்கும் பரவியிருப்பினும், அதன் தலைவாசல் இலண்டன் மாநகரைச் சேர்ந்த விம்பிள்டன் என்றே கொள்ளப்படுகின்றது. 1877இல் அங்கே ஆடவர்க்குப் போட்டி தொடங்கிற்று. பெண்களுக்கு அவ்வாயில் திறப்பதற்கு மேலும் ஏழு வருடங்கள் சென்றன. 1884இல் பதின்மூன்று பெண்மணிகள் போட்டியிட, மோட் வாட்சன் என்னும் பாதிரியார் மகள் முதற் பட்டத்தைப் பெற்றார். நிலத்தைத் தொடும் நீண்ட பாவாடையோடுதான் அக்காலத்துப் பெண்கள் ஆடினர். முதலாம் உலக யுத்தத்தின் பின்னர் பிரான்சு நாட்டுச் சுசான் லெங்லென் தோன்றி, உடையையும் ஆட்டத்தையும் ஒருங்கே மாற்றியமைத்தார். 1926இல் அவர் பணம் பெற்று ஆடும் தொழில்முறை ஆட்டக்காரியானார். அதன்பின் விம்பிள்டனில் அவருக்கு இடமில்லை; ஏனெனில் 1968 வரைக்கும் ஊதியம் பெறாது ஆடுவோரே அங்கு ஆடலாம் என்பது விதி.

இந்த விதியை வாசகர்கள் மனத்திலிருத்துதல் வேண்டும். கேட்பதற்கு அது உயர்ந்த கொள்கைபோலத் தோன்றும். நடைமுறையிலோ, கைப்பணம் உள்ளவரே ஆடலாம் என்பதே அதன் பொருளாயிற்று. பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலிற் செல்ல வாரக்கணக்கில் நாட்கள் பிடிக்கும். கப்பற் கூலியும் தங்கும் செலவும் ஆடுபவரின் வீட்டையே சாரும். வென்றாலும் ஒரு சதமும் கிடையாது. லீலா ராவ் வசதியான குடும்பத்திலே பிறந்தவர் என்பதை நாம் மறைக்கப்போவதில்லை. ஆயினும் அக்காலத்துப் பாரத தேசத்திலே வசதி படைத்த வீடுகள் ஆயிரமாயிரம் இருந்தன. தம் பெண்ணின் கையிலே மட்டையைக் கொடுத்து, நாலுபேர் பார்க்கும் மைதானத்துக்கு அனுப்பிய வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

லீலா உள்நாட்டுப் போட்டிகளிலே படிப்படியாக உயர்ந்து, 1931இல் அகில இந்தியப் பட்டத்தைப் பெற்றார். அப்போது அவருக்கு இருபது வயதும் நிரம்பியிருக்கவில்லை. அவருக்கு முன்னர், 1929இல், ஜெனி சாண்டிசன் என்னும் ஆங்கிலோ இந்தியப் பெண்மணி இந்தியாவிலிருந்து விம்பிள்டனுக்குச் சென்று ஆடியிருந்தார். ஆனால் அங்கே ஓர் ஆட்டத்தை வென்ற பெருமை அதுவரை எந்த இந்தியப் பெண்ணுக்கும் வாய்க்கவில்லை.

1934

அந்த வருடம் லீலா ராவ் விம்பிள்டன் களத்தில் இறங்கினார். வயது இருபத்திரண்டு. முதற்சுற்றில் அவருக்கு எதிராக நின்றவர் கிளாடிஸ் சௌத்வெல் என்னும் பிரித்தானியப் பெண்மணி. களமோ புற்றரை. புற்றரையிலே பந்து அதிகம் மேலெழும்பாது. விழுந்தவுடன் வழுக்கிக்கொண்டு விரைந்து வரும். அத்தரையிலே பழகியவர்க்கும் பழகாதவர்க்கும் பெரிய வேறுபாடு உண்டு.

முதல் செற்றை லீலா நாலுக்கு ஆறு என்ற கணக்கிலே இழந்தார். பெண்களின் போட்டியில் மூன்று செற்றுகளுள் இரண்டை வெல்பவரே வெற்றியாளர். ஆகவே இரண்டாவது செற்றும் போயிருந்தால் அத்துடன் கதை முடிந்திருக்கும். வந்த கப்பலிலே திரும்புவதுதான் மிச்சம். இக்காலத்திலே இருவரும் ஆறு ஆறு என்று சமனாக நின்றால், சிறு முடிவாட்டம் ஒன்றை வைத்து விரைவில் தீர்த்துவிடுவர். முடிவாட்டம் என்ற ஏற்பாடே விம்பிள்டனுக்கு முதன்முதல் வந்தது 1971இலேதான். 1934இல் ஒருவர் மற்றவரைவிட இரண்டு ஆட்டம் முந்தும்வரை ஓயாது ஆடவேண்டும். இருவரும் ஆறு ஆறாகி, ஏழு ஏழாகி, எட்டு எட்டாகவும் வந்துவிட்டனர். அந்த இடத்திலிருந்து லீலா தொடர்ந்து இரண்டு ஆட்டங்களை வென்று, பத்துக்கு எட்டு என்று அந்தச் செற்றைத் தமதாக்கினார். மூன்றாவது செற் ஆறுக்கு இரண்டு. ஆக முப்பத்தாறு ஆட்டங்கள் ஆடி முடித்தபோது, இந்தியப் பெண் ஒருத்தி விம்பிள்டனிலே வென்றுவிட்டாள்.

இவ்விடத்திலே ஒரு விடயத்தை நாம் எண்ணிப் பார்க்காதிருக்க முடியவில்லை. ஆங்கில ஆட்சியை எதிர்த்து நின்ற அறப்போரைப் பாடிய தாயின் காவியம் வெளிவந்து இரண்டே வருடங்கள்தாம் சென்றிருந்தன. மகள் அந்த ஆங்கிலேயரின் மண்ணிலேயே, அவர்கள் வகுத்த ஆட்டத்தை, அவர்கள் வகுத்த விதிப்படியே ஆடி, அவர்களுள் ஒருவரை வென்றார். தாயின் வழியிலும் பகைமை இல்லை. மகளின் வழியிலும் பகைமை இல்லை. ஆட்டம் முடிந்ததும் வலைக்கு இருபுறமும் நின்றவர்கள் கைகுலுக்கிப் பிரிவதே அவ்விளையாட்டின் மரபு. தலைகுனியாதும் வெறுப்பில்லாதும் எதிர்நிற்பது எப்படி என்பதை அந்த வீடு இரண்டு வகையிலே காட்டிற்று என்று கூறின் மிகையாகாது.

அடுத்த சுற்றிலே பிரான்சு நாட்டு ஐடா அடமோவ் என்பவரிடம் லீலா தோற்றார். அந்த வருடம் பெண்கள் பட்டத்தை வென்றவர் இங்கிலாந்தின் டொரதி ரவுண்ட். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்திலே பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லிக்கொடுத்தவர் அவர். அந்த நாளில் போட்டியாட மாட்டேன் என்று உறுதியாக நின்றவர். மிஷன் பாடசாலையிலே படித்த எமக்கு இந்த டொரதி ரவுண்டை விளங்கிக்கொள்வது எளிது. அத்தகைய ஆசிரியைகளிடமே நாம் கற்றோம். தத்தம் சமயத்தின் சாரத்தை வீட்டிலேயே உட்கொண்ட இரு பெண்கள் ஒரே வருடத்தில் ஒரே புற்றரையிலே ஆடினர். விளையாட்டினால் இருவரின் பக்தியும் குறைந்துவிடவில்லை. அதே வருடம் டொரதி ரவுண்டோடு இணைந்து கலப்பு இரட்டையர் பட்டத்தை வென்றவர் ஜப்பானியராகிய றியூக்கி மிக்கி. கீழைத்தேசத்தவர் விம்பிள்டனில் வேடிக்கை பார்க்க வந்தவர்களல்லர் என்பதை அந்த வருடம் இவ்வாறும் உலகுக்கு உணர்த்திற்று.

1935இல் லீலா மீண்டும் விம்பிள்டன் சென்று, முதற்சுற்றிலேயே எவலின் டியர்மன் என்னும் ஆங்கிலப் பெண்மணியிடம் தோற்றார். தோல்வியை மறைத்துச் சரித்திரம் எழுதுவது எமக்கு உடன்பாடன்று. தோற்றவர் ஊர் திரும்பி மட்டையைப் பரணிலே எறிந்துவிடவில்லை என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. முப்பதுகளின் பிற்பகுதியிலும் நாற்பதுகளின் தொடக்கத்திலும் அவர் அகில இந்தியப் பட்டத்தை மீண்டும் மீண்டும் வென்று, தம் காலத்து இந்தியப் பெண்களுள் முதல்வராக விளங்கினார்.

மட்டையிலிருந்து எழுதுகோலுக்கு

1943இல் லீலா ராவ், இந்திய சிவில் சேவை உத்தியோகத்தரான ஹரீஷ்வர் தயாள் என்பவரை மணந்தார். சுதந்திர இந்தியாவின் பிரதிநிதியாகச் சிக்கிமிலே கடமையாற்றி, 1950ஆம் ஆண்டு இந்தியாவுக்கும் சிக்கிமுக்கும் இடையிலான உடன்படிக்கையிலே இந்தியாவின் சார்பிற் கையொப்பமிட்டவர் அவர். பின்னர் நேபாளத்தில் இந்தியத் தூதுவராகவும் இருந்தார். கடலோர நகரமாகிய பம்பாயிலே வளர்ந்த லீலாவின் வாழ்க்கை இவ்வாறு இமயமலைச் சாரலுக்கு மாறிற்று.

பெரும்பாலான விளையாட்டு வீரரின் கதை இவ்விடத்திலே முடிந்துவிடும். உடல் தளர்ந்ததும் பெயர் மங்கும். பழைய கிண்ணங்களிலே தூசி படியும். லீலா அம்மையாரின் கதையோ இங்கே இரண்டாவது முறை தொடங்குகின்றது. தாயிடமிருந்து பெற்ற சமஸ்கிருதம் அவருக்குக் கைகொடுத்தது. பாரத நாட்டின் நடனக் கலையை ஆராய்ந்து, நிருத்த மஞ்சரி, நாட்டிய சந்திரிகா முதலிய நூல்களை எழுதினார். க்ஷமா அம்மையார் எழுதிய கதைகளை எடுத்து, சமஸ்கிருத நாடகங்களாக ஆக்கினார். 1954இல் அன்னை மறைந்தார். அவரது எழுத்து மேடையேறுவதற்கு வழிசெய்தவர், அவரிடமே மட்டை பிடிக்கவும் கற்ற மகள்.

நடனத்தையும் டெனிஸையும் ஒன்றாக எண்ணிப் பார்த்தால், அம்மையாருக்கு அவை இரண்டு வேறு உலகங்களாகத் தோன்றியிரா என்றே நாம் நினைக்கின்றோம். காலடி பிசகாமை, கண்ணும் கையும் ஒன்றுபடல், தாளம் தவறாமை, இவை இரண்டுக்கும் பொது. பத்துக்கு எட்டு என்று இழுபட்டுச் சென்ற அந்தச் செற்றிலே அவரைத் தாங்கிய பொறுமைதான், பிற்காலத்தில் இலக்கணம் பிசகாது சமஸ்கிருத உரையாடல்களை எழுதவும் துணைநின்றிருக்கும்.

1964இல் எவரெஸ்ட் சிகரத்தை அடுத்த மலைநாட்டிலே கணவர் ஹரீஷ்வர் தயாள் காலமானார். இமயத்தோடு பிணைந்திருந்த அவ்வில்லறம் இமயத்தின் மடியிலேயே முடிவுற்றது.

நாம் கற்பது யாது?

லீலா அம்மையார் திறந்த வாயிலிலே அடுத்தவர் நுழைய நெடுங்காலம் சென்றது. கோயம்புத்தூரிற் பிறந்த தமிழ்ப் பெண்ணான நிருபமா வைத்தியநாதன் 1998இல் அவுஸ்திரேலியப் பெரும்போட்டியில் முதற்சுற்றை வென்றார். 2005இல் சானியா மிர்சா விம்பிள்டனிலே முதற்சுற்றை வென்றபோது, லீலாவின் வெற்றிக்கு எழுபத்தொரு வயது. இந்த நீண்ட இடைவெளிக்குத் திறமைக் குறைவு காரணமன்று. வீட்டு வாசலைத் தாண்ட விடப்படாத பெண்கள் எத்தனை பேர் என்று கேட்டால் காரணம் புலப்படும்.

எமது மண்ணுக்கே வருவோம். வன்னியிலே பெண்பிள்ளைகளின் ஆட்டம் வலைப்பந்து. நாம் படித்த காலத்திலே, மாலை மணி அடித்ததும் செம்மண் மைதானத்துக்கு ஓடுவோம். எம்மிலும் உயரமும் வேகமும் கொண்ட தோழி ஒருத்தி இருந்தாள். அவள் கைக்குப் போன பந்து வளையத்துக்குள் விழாமற் போனதை நாம் கண்டதில்லை. பெரியபிள்ளையான பின் அவளை வீட்டிலே மறித்துவிட்டார்கள். படிப்புக் கெடும் என்றார்கள். ஊர் கதைக்கும் என்றார்கள். சைவப் பிள்ளைக்கு இது அழகன்று என்றும் சொன்னார்கள். அவள் படிப்பும் அதனாற் சிறக்கவில்லை. மைதானத்தின் வேலியோரமாக நின்று பார்த்துவிட்டுப் போகும் அவள் முகம் இன்றும் எமக்கு மறக்கவில்லை.

அந்த வீட்டாரை நாம் குறைகூற வரவில்லை. யுத்தத்திலே எல்லாவற்றையும் இழந்து, 2009க்குப் பின் கூரையிலிருந்து தொடங்கிய குடும்பங்கள் எமது குடும்பங்கள். பிள்ளையை இறகுக்குள் வைத்துக் காக்கும் அச்சம் எங்கிருந்து வருகிறது என்பதை நாம் அறிவோம். ஆனால் அந்த அச்சத்துக்குச் சமயத்தின் பெயரைச் சூட்டுவது பொருந்துமா என்பதே எமது கேள்வி. விவேகானந்த அடிகளை இல்லத்திலே வைத்து உபசரித்த பண்டிதரின் மகள் டெனிஸ் ஆடினார். அடியார்களின் சரித்திரத்தைத் தேவபாஷையிலே பாடிய தாய், தன் மகளை விம்பிள்டன் மைதானத்துக்கு அனுப்பினார். அந்த வீட்டிலே சைவமோ வைணவமோ கல்வியோ ஒழுக்கமோ அதனாற் குறைந்ததா? அங்கே கல்வியும் ஆட்டமும் ஒன்றையொன்று வளர்த்தன.

எமது வன்னிச் சிறுமிக்கு விம்பிள்டன் செல்லக் கப்பற் கூலி இல்லை, புற்றரையும் இல்லை. ஆனால் லீலா ராவுக்கு முதலில் வேண்டியிருந்தது அவை இரண்டுமல்ல. போய் ஆடு பிள்ளை என்று சொல்லும் ஒரு தாயே வேண்டியிருந்தது. அதற்குப் பணம் தேவையில்லை. யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றிலே பிறந்த தர்ஜினி சிவலிங்கம் வலைப்பந்திலே இலங்கைக்காக ஆடி, 2018இல் ஆசியக் கிண்ணத்தை வென்ற அணியிலே தூணாக நின்றதை நாமெல்லோரும் கண்டோம். அவரையும் ஒரு வீடு வாசலுக்கு வெளியே அனுப்பத்தான் செய்தது.

ஆகவே இம்மலரை வாசிக்கும் பெற்றோரிடமும் அண்ணன்மாரிடமும் நாம் பணிவாகக் கேட்பது இதுவே. வெள்ளிக்கிழமை கோயிலுக்குச் செல்லும் உங்கள் பிள்ளை, சனிக்கிழமை மைதானத்துக்கும் செல்லட்டும். தேவாரம் பாடிய குரலே களத்திலே தோழியரை உற்சாகப்படுத்தட்டும். அவர்களுள் ஒருத்தி ஒருநாள் எட்டுக்கு எட்டு என்ற இடத்திலே தனித்து நிற்பாள். அந்த வேளையிலே, பின்னாலே தன் வீடு நிற்கின்றது என்ற துணிவு அவளுக்கு இருக்கவேண்டும். மிகுதி இரண்டு ஆட்டங்களையும் அவளே பார்த்துக்கொள்வாள்.